பட்டினியில் வந்த குழந்தைக்கு முதல் பால்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் அகதி முகாம்களில் வாழும் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் பற்றி எழுதியபோது, "மிகவும் மெலிந்த குழந்தைக்கு முதல் நாளே வயிறு நிறைய உணவு கொடுப்பது உயிருக்கு ஆபத்து" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: பசியால் வாடி வரும் குழந்தைக்கு உணவு கொடுப்பது எப்படி ஆபத்தாகும்? படித்ததிலிருந்து மனம் ஏற்க மறுக்கிறது. (ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில்: உங்கள் மனம் மறுப்பது நியாயமானதுதான். பசித்தவருக்குச் சோறிடுவதைவிடப் பெரிய அறம் இல்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடல், நாம் அறிந்த உடல் அன்று. இருக்கும் கொஞ்ச சக்தியில் உயிரைத் தாங்கிக்கொள்வதற்காக அது தன் வேலைகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டுவிட்டது. இதயத் தசை மெலிந்திருக்கும். சிறுநீரகத்தால் மிகையான உப்பையும் நீரையும் வெளியேற்ற முடியாது. உயிரணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறி, இருக்கக் கூடாத சோடியம் உள்ளே புகுந்திருக்கும். இந்த நிலையில் திடீரென மாவுச்சத்தும் புரதமும் மிகுதியாக உள்ளே சென்றால் இன்சுலின் பெருகும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். அதன் விளைவாக ஓரிரு நாட்களில் இதயம் தடுமாறி நின்றுவிடக் கூடும். 1945-ஆம் ஆண்டு பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, ராணுவ வீரர்கள் இரக்கத்தோடு தங்கள் உணவைப் பகிர்ந்து கொடுக்க, அதைத் தாங்க முடியாமல் இறந்தவர்களும் உண்டு. கொடுத்தவர்களின் அன்பில் குறையில்லை. கொடுத்த வேகம்தான் கெடுத்தது.

அதனால்தான் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலையிலுள்ள குழந்தைக்கு முதல் சில நாட்கள் எஃப்-75 என்ற பால் கலவை கொடுக்கப்படுகிறது. 100 மில்லி லிட்டரில் 75 கிலோ கலோரி இருப்பதால் இந்தப் பெயர். புரதமும் சோடியமும் இதில் வேண்டுமென்றே குறைக்கப்பட்டுள்ளன. இரும்புச்சத்து அறவே சேர்க்கப்படுவதில்லை. ரத்தசோகையோடு வரும் குழந்தைக்கு இரும்புச்சத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் நோய்த்தொற்று வலுக்கும் என்பதால், குழந்தை தேறி எடை கூடத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். கால் வீக்கம் மிகுதியாக இல்லாத 6 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ 65 மில்லி லிட்டர் பால் தரப்படும். பார்ப்பவர்களுக்கு இது கருமித்தனமாகத்தான் தெரியும். அந்தச் சிறிய கோப்பையைக் கையில் வாங்கிய தாய்மார்கள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்லும் பொறுமைதான் அந்த வார்டில் எனக்கு முதலில் வாய்க்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு மணி நேரக் கணக்கு இரவுக்கும் பொருந்தும். கடுமையாக மெலிந்த குழந்தையின் உடலில் சேமிப்பு எதுவும் இல்லை. சில மணி நேரம் பால் தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும், உடம்பு சில்லிட்டுவிடும். இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். எனவே இரவுப் பாலுக்காகக் குழந்தையை எழுப்பத் தயங்கக் கூடாது. போர்த்தி, தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் மார்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும்.

சில நாட்களில் குழந்தை கோப்பையை எட்டிப் பிடிக்கத் தொடங்கும், கால் வீக்கம் வடியத் தொடங்கும். அந்தப் பசியே அடுத்த படிக்கான அனுமதி. அதன் பிறகு இன்னும் சத்து கூடிய எஃப்-100 பாலையோ, வேர்க்கடலை சேர்த்த, உண்ணத் தயாரான சிகிச்சைப் பசையையோ படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கலாம். அப்போது அதே குழந்தை கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 220 கிலோ கலோரி வரை உண்ணும். முதலில் கஞ்சத்தனம், பிறகு தாராளம் என்ற இந்த வரிசை மாறவே கூடாது.

கேள்வி: ஆயிரக்கணக்கானோர் தங்கியுள்ள முகாமில், எந்தக் குழந்தைக்கு இத்தகைய சிகிச்சை தேவை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பார்த்தாலே தெரிந்துவிடுமா? (கல்லூரி மாணவர்)

பதில்: தெரியாது. தெரியும் என்று நம்பித்தான் பலர் ஏமாந்திருக்கிறோம். கண்ணை நம்பாமல் நாடாவை நம்ப வேண்டும். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, மேல் கையின் நடுப்பகுதிச் சுற்றளவை அளக்கும் ஒரு வண்ண நாடா இருக்கிறது. குழந்தையின் இடது தோளின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, நாடாவை இறுக்காமலும் தொளதொளவென்று விடாமலும் சுற்ற வேண்டும். 115 மில்லி மீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, அதாவது கடும் மெலிவு. 115-க்கும் 125-க்கும் இடையில் மஞ்சள், அதாவது மிதமான மெலிவு. அதற்கு மேல் பச்சை. உயரத்துக்கேற்ற எடையைப் பார்த்தும் முடிவு செய்யலாம். இரண்டு அளவுகளும் எப்போதும் ஒரே குழந்தையைக் காட்டுவதில்லை என்பதால், வசதியுள்ள இடங்களில் இரண்டையும் எடுப்பதே நல்லது.

நாடாவிடமும் தப்பிவிடும் குழந்தை ஒன்று உண்டு. கன்னம் உப்பி, கால்கள் கொழுகொழுவென்று, கூந்தல் நிறம் வெளிறி, எதிலும் நாட்டமின்றி, தொட்டால் சிணுங்கும் குழந்தை அது. "போன வாரத்தைவிடச் சதை போட்டிருக்கிறான்" என்று தாய் மகிழ்ச்சியோடு சொல்வாள். அப்போது குழந்தையின் இரு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலை வைத்து மூன்று விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். மாவில் அழுத்தியது போலப் பள்ளம் இரண்டு பாதங்களிலும் நின்றால் அது சதையன்று, நீர். கை நாடா பச்சையைக் காட்டினாலும் இக்குழந்தை கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உடையது என்றே கொள்ள வேண்டும். 1930-களில் இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ்தான் இந்நோயை மருத்துவ உலகுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னவர். அங்குள்ள கா என்ற மொழி பேசும் தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த குவாஷியோர்கர் என்ற பெயரையே அவரும் வைத்துக்கொண்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் உட்பொருள். மருத்துவர்களுக்கு முன்பே தாய்மார்கள் அதைக் கவனித்துப் பெயரிட்டிருந்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஏனெனில் இன்று நாடாவைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடும் முறை பரவி வருகிறது. பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே தாய்மார்கள் அளக்கிறார்கள் என்பதையும், நோய் முற்றுவதற்கு முன்பே குழந்தையைக் கொண்டுவருகிறார்கள் என்பதையும் நைஜரில் நடந்த ஆய்வுகள் காட்டின. மாதம் ஒரு முறை வரும் பணியாளரைவிட, தினமும் குழந்தையைக் குளிப்பாட்டும் கைக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும்.

கேள்வி: வேர்க்கடலைப் பசைப் பொட்டலம் ஒன்றைச் செய்திப் படங்களில் பார்க்கிறேன். அது மருந்தா, உணவா? அதில் அப்படி என்ன புதுமை? (இல்லத்தரசி)

பதில்: இரண்டும்தான். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஆனால் குழந்தைக்கு அது வெறும் இனிப்பான பசை. வேர்க்கடலை, பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்ந்த கலவை அது. ஒரு பொட்டலம் 92 கிராம், ஏறத்தாழ 500 கிலோ கலோரி. பிரான்சைச் சேர்ந்த மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் பொறியாளர் மிஷேல் லெஸ்கானும் 1990-களின் நடுவில் இதை உருவாக்கினார்கள்.

இதன் புதுமை சத்தில் இல்லை. எஃப்-100 பாலிலும் ஏறத்தாழ அதே சத்துகள் உண்டு. ஆனால் பாலுக்குத் தண்ணீர் வேண்டும். முகாமில் அந்தத் தண்ணீரே நோய். கலக்கிய பால் வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். பசையில் ஈரப்பதம் அநேகமாக இல்லை. அதனால் கிருமிகள் பெருகுவதில்லை. காய்ச்ச வேண்டாம், விறகு வேண்டாம், கலக்க வேண்டாம். முனையைக் கிழித்துக் குழந்தையே சப்பி உண்ணலாம். ஆகவே சிகிச்சையை மருத்துவமனையிலிருந்து கூடாரத்துக்குக் கொண்டு செல்ல முடிந்தது.

அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கே இந்த மாற்றத்தின் அளவு புரியும். ஒரு குழந்தையைக் காப்பாற்றத் தாய் வாரக்கணக்கில் வார்டிலேயே கிடக்க வேண்டும். கூடாரத்தில் மற்ற குழந்தைகளைப் பார்க்க ஆளிருக்காது. ஒரே அறையில் நெருக்கிப் படுத்திருக்கும் குழந்தைகளுக்குள் வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் தாவும். பாதிச் சிகிச்சையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட தாய்களை அன்று நாங்கள் குறை சொன்னோம். அது தவறு. 2000-ஆம் ஆண்டு எத்தியோப்பியாவில் மருத்துவர் ஸ்டீவ் காலின்ஸும் அவரது குழுவினரும், சிக்கல் இல்லாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை தரும் முறையைத் தொடங்கினார்கள். மலாவியில் மார்க் மனாரி வீட்டுச் சிகிச்சையை ஆய்ந்து காட்டினார். 2005-இல் நைஜரில் உணவு நெருக்கடி வந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஓராண்டிலேயே 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. பழைய முறையில் அத்தனை கட்டில்களுக்கு எங்கே போவது? 2007-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் ஆகியவை ஐக்கிய நாடுகளின் ஊட்டச்சத்துக் குழுவோடு சேர்ந்து இம்முறையை ஏற்று அறிக்கை வெளியிட்டன.

யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை முடிவு செய்வது ஓர் எளிய சோதனை. தாய் கை கழுவி, குழந்தையை மடியில் வைத்து, ஒதுக்கமான இடத்தில் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது, பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். முதல் வாயைத் துப்பிவிட்டுப் பிறகு மெல்ல நக்கத் தொடங்கும் குழந்தைகள் நிறைய உண்டு, ஆகவே அவசரப்படக் கூடாது. குழந்தை ஆவலோடு உண்டு, கடுமையான வீக்கமோ வேறு நோய்ச் சிக்கலோ இல்லையென்றால், ஒரு வாரத்துக்கான பொட்டலங்களோடு வீட்டுக்குப் போகலாம். 6 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு பொட்டலம். கையின் சுற்றளவு 125 மில்லி மீட்டரை எட்டி, அடுத்தடுத்த இரண்டு வருகைகளிலும் அப்படியே நின்றால் சிகிச்சை முடிந்தது. பசியே இல்லாத குழந்தை, எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், வார்டில்தான் இருக்க வேண்டும். பசியின்மை என்பது உள்ளே நோய்த்தொற்று இருப்பதற்கான முதல் அடையாளம்.

கேள்வி: காய்ச்சல் இல்லாத குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பதாகப் படித்தேன். இது சரியா? (மருந்தாளுநர்)

பதில்: கடும் மெலிவில் சரிதான். காய்ச்சல் என்பது உடல் எதிர்த்துப் போராடுவதன் அடையாளம். இந்தக் குழந்தையின் உடலுக்குப் போராடும் திராணியே இல்லை. நிமோனியா இருந்தும் உடம்பு குளிர்ந்து கிடக்கலாம். எனவே பொதுவாக அமாக்சிசிலின் கொடுக்கிறார்கள். சிக்கலோடு வார்டில் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஊசி வழியாக வேறு மருந்துகள்.

கேள்வி: இத்தகைய குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தாராளமாகத் தரலாம் அல்லவா? தேவைப்பட்டால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றலாமா? (கிராமச் செவிலியர்)

பதில்: இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், இங்கே செய்யும் தவறு அன்றிரவே உயிரைப் பறித்துவிடும். வழக்கமான கரைசலில் ஒரு லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் உண்டு. ஏற்கெனவே சோடியம் தேங்கி நிற்கும் இந்த உடலுக்கு அது மிகை. ரீசோமல் என்ற தனிக் கரைசலில் சோடியம் 45, பொட்டாசியம் 40 மில்லிமோல். அதையும் கிலோவுக்கு 5 மில்லி லிட்டர் வீதம் அரை மணிக்கொரு முறை, முதல் இரண்டு மணி நேரம் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். காலரா என்று ஐயம் எழுந்தால் மட்டும் வழக்கமான கரைசலே சரியானது, ஏனெனில் காலராவில் சோடியம் பெருமளவு வெளியேறிவிடுகிறது.

நரம்பு வழியாக நீர் ஏற்றுவது, ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) உள்ள குழந்தைக்கு மட்டுமே, அதுவும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கண்காணிக்க. தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பை முடிவு செய்யும் பழக்கம் நமக்கு உண்டு. மெலிந்த குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பே இல்லாததால், நீரிழப்பு இல்லாவிட்டாலும் கிள்ளிய தோல் அப்படியே நிற்கும். கண்களும் குழி விழுந்தே இருக்கும். நான் பணிபுரிந்த ஒரு முகாமில், நள்ளிரவில் வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு, இந்த அறிகுறிகளை நம்பிப் புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் நீர் ஏற்றிவிட்டார். ஒரு மணி நேரத்தில் மூச்சு வேகமெடுத்தது; கல்லீரல் விலாவுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கிவிட்டது. இதயம் தாங்க முடியாத அளவு நீர் சேர்ந்துவிட்டது என்பதன் அடையாளங்கள் இவை. அதை முதலில் கவனித்துக் குரல் கொடுத்தவர் இரவுப் பணியில் இருந்த செவிலியர்தான். உடனே நிறுத்தினோம், குழந்தை பிழைத்தது. அரை மணிக்கொரு முறை மூச்சையும் நாடித்துடிப்பையும் எண்ணி எழுதும் பழக்கம் அவருக்கு இல்லாதிருந்தால் காலையில்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவினர் பச்சிளங்குழந்தைகளுக்கான பால் பொடியும் பால் பாட்டில்களும் திரட்டி முகாம்களுக்கு அனுப்ப விரும்புகிறோம். வழி சொல்லுங்கள். (தொண்டு மன்றத்தினர்)

பதில்: உங்கள் நோக்கத்தை மதித்துச் சொல்கிறேன்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். சுத்தமான நீரும், எரிபொருளும், பாட்டிலைக் கொதிக்க வைக்கும் வசதியும் இல்லாத இடத்தில் பால் பொடி நோயைக் கொண்டுவரும். 2006-இல் இந்தோனேசியாவின் ஜாவாவில் நிலநடுக்கத்துக்குப் பின் நன்கொடைப் பால் பொடி பெற்ற குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கு 1981-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெறிமுறையும், இத்தகைய நன்கொடைகளைப் பேரிடர்க் காலத்தில் ஏற்கக் கூடாது என்ற வழிகாட்டுதல்களும் அனுபவத்தின் விலை கொடுத்துப் பெறப்பட்டவை.

பயந்தும் பசித்தும் இருக்கும் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. பால் சுரப்பு பெரும்பாலும் குழந்தை சப்புவதைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட மெலிந்த குழந்தைக்கு, மெல்லிய குழாய் ஒன்றின் ஒரு முனையைத் தாயின் முலைக்காம்போடு ஒட்டி, மறுமுனையைப் பால் உள்ள கோப்பையில் வைக்கிறோம். குழந்தை மார்பைச் சப்பும்போது குழாய்ப் பால் வாய்க்கு வரும். சப்பும் தூண்டுதலால் தாய்க்கும் பால் மீண்டும் ஊறும். நாட்கள் செல்லச் செல்லக் கோப்பைப் பாலைக் குறைத்துக்கொண்டே வரலாம். நீங்கள் உதவ விரும்பினால், அங்கே ஏற்கெனவே பணிபுரியும் அமைப்புக்குப் பணமாக அனுப்புங்கள்; அது பாலூட்டும் தாயின் உணவாக மாறட்டும். தாய் இறந்துபோன குழந்தைகளுக்குப் பால் பொடி தேவைதான். அதை அங்குள்ள மருத்துவக் குழுவினரே வாங்கி, கோப்பையில் புகட்டக் கற்றுக்கொடுத்து, கண்காணிப்பில் தருவார்கள்.

கேள்வி: தேறி வீடு திரும்பிய குழந்தை சில மாதங்களில் மீண்டும் மெலிந்து வருகிறதே, இத்தனை சிகிச்சையும் வீண்தானா? (வங்கி ஊழியர்)

பதில்: வீண் இல்லை, ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள வலி நியாயமானது. பொட்டலத்தைக் குழந்தை முழுதாக உண்ணவில்லை, அண்ணன் தங்கைகளுக்குப் பங்கு போனது என்று தாயைக் கண்டிக்கும் பணியாளர்களைப் பார்த்திருக்கிறேன். பசித்திருக்கும் நான்கு குழந்தைகளுக்கு நடுவே ஒன்றுக்கு மட்டும் ஊட்டச் சொல்வது தாயிடம் எதைக் கேட்பது என்று யோசித்துப் பாருங்கள். குடும்பத்துக்கான பங்கீட்டு உணவு ஒழுங்காக வந்தால் பொட்டலம் பங்கு போகாது.

முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,100 கிலோ கலோரி உணவும் குறைந்தது 15 லிட்டர் தண்ணீரும் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கலோரி மட்டும் நிறைந்தாலும் போதாது. 1990-இல் மலாவியில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளுக்குப் பங்கீட்டில் வேர்க்கடலை தடைப்பட்டது. சோளம் மட்டுமே பெரும்பாலும் மிஞ்சியது. அந்த ஆண்டு 18,000-க்கும் மேற்பட்டோருக்கு நயாசின் என்ற வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ரா என்ற நோய் கண்டது. குழந்தையைக் காக்கும் பசையில் இருக்கும் அதே கடலை, பங்கீட்டுப் பட்டியலிலிருந்து ஒரு வரியாக விடுபட்டதன் விளைவு அது. 2023-இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்யா அகதிகளுக்கான மாத உணவு உதவி, நிதிப் பற்றாக்குறையால், ஒருவருக்கு 12 டாலரிலிருந்து முதலில் 10-ஆகவும் சில மாதங்களில் 8-ஆகவும் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதைத் திரும்பக் கூட்டினார்கள். நிதி கொடுப்போர் கூட்டத்தில் அது ஓர் எண். கூடாரத்தில் அது அடுத்த மாதம் சிவப்பைக் காட்டும் நாடா. 2024 ஆகஸ்டில் சூடானின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக அறிவிக்கப்பட்டபோது, சிகிச்சை முறை எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. போர் வழியை அடைத்திருந்ததால் லாரிகள்தான் போய்ச் சேரவில்லை.

கேள்வி: பிழைத்த குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுமா? (ஒரு தாய்)

பதில்: பாதிக்கப்படலாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடும் மெலிவிலிருந்து மீண்ட குழந்தைகளோடு முறையாக விளையாடி, தாய்க்கும் அதைக் கற்றுக்கொடுத்தால் அறிவு வளர்ச்சியில் பெரும் முன்னேற்றம் கிடைக்கும் என்பதை ஜமைக்காவில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் செய்த நெடுநாள் ஆய்வுகள் காட்டின. அதனால் தினமும் 15 முதல் 30 நிமிடம் விளையாட்டு என்பது சிகிச்சைத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. காலிப் புட்டியில் கூழாங்கல் போட்டு ஆட்டும் கிலுகிலுப்பையே போதும்.

கேள்வி: செவிலியர் படிப்பு முடிக்கப்போகிறேன். முகாம் பணிக்குச் செல்ல விரும்புகிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? (மாணவி)

பதில்: நாடாவால் அளக்கவும், கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கவும் ஓரிரு நாளில் பழகிவிடுவீர்கள். பால் அட்டவணையை எழுதுவதில்தான் உங்கள் கவனம் தேவை. கொடுத்த அளவை மட்டும் எழுதாமல், கோப்பையில் மிஞ்சியதையும் அளந்து எழுதுங்கள்; வாந்தி எடுத்திருந்தால் ஏறத்தாழ எவ்வளவு என்றும் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தாயை எழுப்புவதற்குத் தயக்கமாக இருக்கும். அவள் பல இரவுகள் தூங்காதவள். அவளைத் தூங்கவிட்டு நீங்களே புகட்டலாம் என்றால் அப்படியே செய்யுங்கள், அந்த வரியையும் அட்டவணையில் நிரப்புங்கள். குழந்தைக்கு எஃப்-75 தொடர வேண்டுமா, அடுத்த படிக்குப் போகலாமா, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டுமா என்பதை எல்லாம் காலையில் வரும் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.